பழுதான பொருளா, பழுதாக்கிய காரணமா?



எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் காப்பது பற்றி இந்த மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம், ஒரு ஜோடி வளையல்.

என் மதினி ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பாதையில், ரோட்டுக்குக் கீழே சரிவில் உள்ள ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார். நானா மௌத்தாகி ஐந்து வருஷமாகிறது. அவர் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்தான் இன்று அந்த வீட்டின் அடுப்பை எரிய வைக்கின்றன. கலியாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் வேலை விண்ணப்பம், ஓய்வு பெறும் தொழிலாளிகளின் சேமலாப நிதிக் கடிதம் என்று மதினி தட்டச்சு செய்து கொடுக்கிறார். அதில் வரும் காசில்தான் மகளின் டியூஷன் செலவும் கழிகிறது.

சென்ற ஏப்ரலில் ஒருநாள் அஸருக்குப் பிறகு நல்ல இடி. மதினி கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார். ஆனால் பிளக்கைக் கழற்றவில்லை. மறுநாள் காலையில் பட்டனை அமுக்கினால் சத்தமில்லை, வெளிச்சமில்லை. பெட்டியைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. பட்டனை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். “மதர்போர்ட் போயிருக்கு. இந்தப் பழசுக்குச் செலவழிக்கிறது வீண். புதுசு ஒன்று எடுங்க” என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

அன்று மாலை மதினி என் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்த இரண்டு வளையல்களை மேசை மேல் வைத்தார். மகளின் கலியாணத்துக்கென்று நானா வாங்கி வைத்தவை.

“தங்கச்சி, இதை எங்க அடகு வச்சா கொஞ்சம் கூடத் தருவாங்க?”

எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. “மதினி, வளையலை அலுமாரியில வைங்க. முதலில் பெட்டியைப் பார்ப்போம்” என்றேன்.

அந்தப் பெட்டியைப் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். இது ஆண்கள் பார்க்கும் வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நெற்றியைத் தொடுகிறீர்கள். தொண்டையைப் பார்க்கிறீர்கள். நேற்று என்ன சாப்பிட்டான், மழையில் நனைந்தானா என்று விசாரிக்கிறீர்கள். காய்ச்சல் அடையாளம்தான், நோய் வேறெங்கோ இருக்கிறது என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். பழுது பார்ப்பதும் அதே வேலைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பல்கலைக்கழகத்தில் 1946-ல் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டினார்கள். பெரிய அறை முழுவதையும் அடைத்து நின்ற அந்த இயந்திரத்துக்குள் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதற்குக் கணக்கு அமைத்துக் கொடுத்த முதல் அணியில் இருந்த ஆறு பேரும் பெண்கள். அவர்களுக்குப் பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. கம்பி வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள். பிழை வந்தால், அத்தனை ஆயிரம் வால்வுகளில் எது கெட்டிருக்கிறது என்று ஏறக்குறையக் குறிப்பாகச் சொல்லும் அளவுக்குத் தேறினார்கள். கம்ப்யூட்டரின் பழுதைக் கண்டுபிடிப்பது பெண்களுக்குப் புதிதல்ல!

சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதல் விதி: வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் பெட்டி ஓடும். எது கெட்டிருந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

மறுநாள் காலை மதினி வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே பிளக் பொயின்டில் ஒரு மேசை விளக்கைச் செருகினேன். எரிந்தது. ஆகவே சுவரில் கரண்ட் இருக்கிறது. அடுத்தது வயர். மானிட்டருக்கும் பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி வயர்தான். மானிட்டர் வயரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினேன். அசைவில்லை. பெட்டியின் பின்பக்கம் வயர் செருகும் இடத்துக்கு அருகில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். தூசு துடைக்கும்போது கை பட்டு அது அணைந்து போவதுண்டு. அதுவும் சரியாகவே இருந்தது.

இந்த மூன்றுக்கும் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஒரு சதம் செலவில்லை. கடைக்குக் கொண்டுபோகும் முன் இதை ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

மூடியைத் திறந்தபோது

வயரை முற்றாகக் கழற்றினேன். பின் பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிவதற்காக. அதற்குப் பிறகுதான் பக்கத்து மூடியைத் திறந்தேன். எதையும் தொடுமுன் பெட்டியின் தகரத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டேன். நம் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும்.

உள்ளே கால் அங்குலத்துக்குத் தூசு. வெறும் தூசு என்றால் ஊதினால் பறக்கும். இது ஈரம் பிடித்துக் களிபோல் ஒட்டியிருந்தது. நம் மலைநாட்டின் இயல்பு அது. ஹட்டனுக்கு அடுத்துள்ள வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் தகரத்தின் மேல், காலையில் குசினியிலிருந்து வரும் சூடான ஆவி பட்டால் என்ன ஆகும்? பானை மூடியின் உள்பக்கம் போல நீர் முத்து முத்தாகக் கோர்க்கும். அந்த ஈரம் காயுமுன் பட்டனை அமுக்குவது ஆபத்து.

பெட்டியின் பின்பக்க மூலையில் ஒரு சதுரத் தகர டப்பா இருக்கும். அதுதான் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. அதன் காற்றுத் துளையருகே முகர்ந்தேன். தீய்ந்த வாடை! பல மதர்போர்ட்களில் பெட்டி ஓடாவிட்டாலும், கரண்ட் வந்து கொண்டிருந்தால் சிறு விளக்கொன்று எரியும். மதினியின் போர்டில் அது இருந்தது, ஆனால் எரியவில்லை. போர்டின் மேல் நிற்கும் சின்னஞ்சிறு உருளைகளைப் பார்த்தேன். கெட்டுப்போனால் அவற்றின் தலை வீங்கும், சில வேளை பழுப்பு நீர் கசியும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தரமற்ற உருளைகள் உலகெங்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்களைக் கெடுத்தன. இங்கே எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன.

ஆக, சந்தேகம் போர்டிலிருந்து பவர் சப்ளைக்கு மாறியது. ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. தீர விசாரிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பவர் சப்ளை டப்பாவை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.

நல்லதை மாட்டிப் பார்

என் மகனின் கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பிரிண்டர், ஹார்ட் டிஸ்க், மற்றச் சில்லறைகள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, போர்டுக்கு மட்டும் அதை மாட்டினேன். பட்டனை மதினியே அமுக்கினார்.

காற்றாடி சுழன்றது! மதினியின் கண்ணில் நீர்.

ஆனால் திரை இருட்டாகவே இருந்தது. “பீப்... பீப்... பீப்...” என்று விடாமல் ஒரு சத்தம். மதினியின் முகம் மீண்டும் வாடியது. “சந்தோஷப்படுங்க மதினி, இப்பத்தான் பெட்டி பேசுது” என்றேன். அந்தச் சத்தம் கம்ப்யூட்டர் நமக்குச் சொல்லும் செய்தி. கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் மாறும். விடாமல் அலறினால் பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியது ரேம் என்னும் நினைவுப் பட்டையை.

மறுபடி வயரைக் கழற்றிவிட்டு அந்தப் பட்டையை எடுத்தேன். அடியில் இருக்கும் பொன்னிறப் பற்கள் ஈரத்தில் மங்கியிருந்தன. மகளின் பென்சில் அழிக்கும் ரப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்தேன். தூளைத் தட்டிவிட்டு, ‘க்ளிக்’ என்று அமரும்வரை அழுத்தினேன். இந்த முறை ஒரே ஒரு பீப். திரையில் எழுத்து வந்தது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் காட்டியது. அது போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கை இணைத்தோம். பத்திரிகைகள், கடிதங்கள், நானாவின் படங்கள் எல்லாம் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்! “செத்துப் போன” மதர்போர்ட் நன்றாகவே இருந்தது. கெட்டது ஒரு பவர் சப்ளை, மங்கியது ஒரு பட்டை, தீர்ந்தது ஒரு பேட்டரி. புதுக் கம்ப்யூட்டர் விலையில் சிறு பங்குதான் செலவு.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பவர் சப்ளை ஏன் கெட்டது?

புதிய பவர் சப்ளையை மாட்டும்போது மதினி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்: “இது மூணாவது தங்கச்சி. இதுக்கு முந்தி ரெண்டு மாத்தியாச்சு.”

என் கை நின்றுவிட்டது. “எப்பயிருந்து மதினி?”

யோசித்தார். “பின்னால அணைச்சுவர் கட்டின வருஷத்துக்குப் பிறகுதான்.”

“பெட்டியைத் தொட்டா ஏதாவது தெரியுமா?”

“வெறுங்காலோட தொட்டா ஊசி குத்துற மாதிரி சுறுசுறுங்கும். குளிருக்குன்னு நினைச்சேன். மகளும் சொல்லுவா.”

உடம்பு எனக்குச் சில்லிட்டது. அப்போதே மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, தெரிந்த கரண்ட் பாஸை வரவழைத்தோம். அவர் மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் பச்சை வயரைத் தொடர்ந்து வீட்டின் பின்பக்கம் போனார். வயர் அந்தரத்தில் தொங்கிக் கொண்டிருந்தது! மூன்று வருஷத்துக்கு முந்திய மழையில் பின்னால் மண் சரிந்தபோது அணைச்சுவர் கட்டினார்கள். அப்போது வழியில் நின்ற ஓர் இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அதுதான் வீட்டின் எர்த் கம்பி என்று யாருக்கும் தெரியவில்லை.

எர்த் என்ன செய்கிறது? பவர் சப்ளைக்குள் வேண்டாத மின்சாரத்தை வடிகட்டி மண்ணுக்கு அனுப்பும் சிறு பாகங்கள் உண்டு. எர்த் அறுந்தால் அது போக வழியில்லாமல் தகரப் பெட்டியிலேயே நிற்கும். அதுதான் மதினியின் விரலைக் குத்தியது. இடியின் அதிர்ச்சி லைன் வழியே வரும்போதும் அதே கதி. காசு கொடுத்து வாங்கும் சர்ஜ் புரொடெக்டர் கூட எர்த் இல்லாவிட்டால் பாதி வேலையும் செய்யாது.

அதைவிடப் பெரிய ஆபத்தொன்று இருந்தது. என்றாவது உள்ளே ஒரு வயர் கழன்று தகரத்தைத் தொட்டிருந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறியிருக்கும். அப்போது காப்பாற்ற வேண்டியது ட்ரிப் ஸ்விட்ச் ஒன்றுதான். பாஸ் அதன் சோதனைப் பட்டனை அமுக்கிப் பார்த்தார். விழவில்லை! வருஷக் கணக்காக யாரும் அமுக்காமல் இறுகிப் போயிருந்தது.

மதினி மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை தினமும் வெறுங்காலோடு அந்த மேசையில்தான் படிக்கிறாள். வளையலை அடகு வைத்துப் புதுப் பெட்டி வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புதுசும் கொஞ்ச நாளில் போயிருக்கும். அறுந்த எர்த் அறுந்தபடியே தொங்கிக் கொண்டிருந்திருக்கும்.

கெட்ட பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைக் கெடுத்தது எது என்று கண்டுபிடிப்பதே மீதி வேலை. நாட்டுக்கும் இதே பாடம்தான். 2025 பெப்ரவரி 9-ம் தேதி இலங்கை முழுவதும் கரண்ட் போயிற்றே, நினைவிருக்கிறதா? பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது என்றார்கள். ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் ஒரு குரங்கால் நாடே இருளுவானேன்? அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு. சூரிய மின்சாரம் அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் வலு அந்நேரம் மின்கட்டமைப்பில் குறைந்திருந்தது என்று மின்சார சபையே பிறகு விளக்கியது. குரங்கோடு விசாரணையை முடித்தால் அடுத்த முறை ஒரு காகம் போதும்!

நம் மலையும் நம் கரண்டும்

இந்த நாட்டுக்கு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-லேயே எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. லக்ஷபான நிலையம் 1950-ல் ஓடத் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயரால் ஒரு நிலையம் 1965-ல் வந்தது. கரண்ட் பிறக்கும் மலை நம்முடையது. ஆனால் நம் வீடுகளுக்கு அது மேடும் பள்ளமும் மரமும் கடந்து நீண்ட கம்பியில் வருகிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி அதிகம். ஆகவே சில பழக்கங்கள் நமக்கு அவசியம்.

1. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்விட்ச்சை மட்டும் அணைப்பது போதாது. இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடாதீர்கள். இன்டர்நெட் வயரும் டி.வி. அன்டெனா வயரும் கூட இடிக்கு வாசல்தான்.

2. கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்து சில நிமிஷம் கழித்துப் போடுங்கள். 2022-ல் ஒருநாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் போய்ப் போய் வந்த கரண்ட் எத்தனை வீட்டுப் பொருள்களைப் பதம் பார்த்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

3. வட்டக் கால் பிளக், சதுரக் கால் பிளக் இரண்டும் கலந்த வீடுகள் நம்முடையவை. மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடாப்டரில் செருகாதீர்கள். மூன்றாவது கால்தான் எர்த்.

4. ட்ரிப் ஸ்விட்ச்சின் சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே கரண்ட் பாஸை அழையுங்கள். மண் சரிந்தாலோ, சுவர் கட்டினாலோ எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. பெட்டியைத் தரையிலும், மழை அடிக்கும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். ஓடும்போது துணி போர்த்தாதீர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் அவ்வப்போது சற்று நேரம் ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

கடையில் என்ன கேட்பது?

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாலு பெட்டி காத்துக் கிடக்கும்போது அவரும் அவசரப்படுகிறார். கேட்பது நம் பொறுப்பு. “எதை வைத்து போர்ட் போய்விட்டது என்கிறீர்கள்? நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பார்த்தீர்களா? ரேமைக் கழற்றித் துடைத்துப் பார்த்தீர்களா? என் முன்னால் ஒருமுறை காட்டுவீர்களா?” இந்த நாலு கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். பெட்டி ஓடாத பழுது என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்கலாம். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் அந்நியர் கையில் எதற்கு?

மதினி வீட்டில் இப்போது புதிய எர்த் கம்பி ஆழமாக இறங்கியிருக்கிறது. ட்ரிப் ஸ்விட்ச்சும் புதிது. மாதம் பிறந்தால் அதன் பட்டனை அமுக்குவது மகளின் வேலை. “விழுந்துட்டு உம்மா!” என்று அவள் சத்தம் போட்டுச் சொல்வது ரோட்டுக்கே கேட்கிறதாம். வளையல்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்த மாதம் கட்டாயம் ஊறுகாய்தான், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் எழுந்து போய் உங்கள் வீட்டு ட்ரிப் ஸ்விட்ச்சை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.